பிரேக்கர் விழவே இல்லை, ப்ளக் உருகிவிட்டது

அன்று எதிர்க்காற்று. ஏரியின் அக்கரையிலிருந்து திரும்பி வர நாற்பது நிமிடமாகப் படகின் பேட்டரி மோட்டாரை முழு வேகத்தில் வைத்திருந்தேன். முதலில் வந்தது நாற்றம். சேற்று நாற்றம் இல்லை, இஸ்திரிப் பெட்டி வயர் கருகினால் வருமே, அது. குனிந்து பார்த்தால் படகின் முன்முனையில் மோட்டார் வயரைச் செருகும் ப்ளக்கின் ஓரம் மெழுகு மாதிரி வழிந்து நிற்கிறது. பக்கத்திலேயே இருந்த பிரேக்கரின் சிவப்புப் பட்டனை அழுத்தி மின்சாரத்தை நிறுத்திவிட்டு ப்ளக்கைப் பிடுங்கப் பார்த்தேன், வரவில்லை. இரண்டு பாதியும் ஒன்றாக உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. மிச்ச தூரத்துக்குத் துடுப்புதான்.

துடுப்புப் போட்டுக்கொண்டே யோசித்தது ஒன்றுதான். ப்ளக் உருகும் அளவுக்குச் சூடாகியிருக்கிறது, பிரேக்கர் ஏன் விழவில்லை? அது கெட்ட பிரேக்கரா? கரைக்கு வந்து, இரண்டு நாள் பிரித்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, பிரேக்கர் மேல் ஒரு தப்பும் இல்லை. எல்லாத் தப்பும் என் கையால் நடந்தது, அதுவும் வரிசையாக.

முதலில் என்ன வைத்திருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட், 55 பவுண்டு உந்துவிசை உள்ள மோட்டார், முன்முனையில் பொருத்துவது. பேட்டரி 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட், கனமாக இருக்கிறது என்று படகின் பின்பக்கம் வைத்திருந்தேன். நடுவில் நாலரை மீட்டர். அதற்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 6 ஸ்கொயர் எம்எம் வயரை இழுத்தேன், கையில் இருந்தது, தடிமனாகவும் தெரிந்தது. பிரேக்கர் 50 ஆம்பியர். அதை முன்முனையில், உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டும்படி ப்ளக்குக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

முதல் கோடையிலேயே அந்த 50 ஆம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழ ஆரம்பித்தது. வெயில் ஏறினால் விழும், முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டினால் விழும், ஐந்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும். எனக்கு எரிச்சல். கடையில் கேட்டேன், "100 ஆம்பியர் போடுங்க, விழவே விழாது" என்றார்கள். போட்டேன். உண்மையிலேயே விழவே இல்லை, பிரச்சினை தீர்ந்தது என்று இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

ப்ளக் உருகிய பிறகு, தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உருகிய ப்ளக்கைக் கையில்கூட எடுக்கவில்லை.

"பழைய பிரேக்கர் எங்க?"

"டூல் பாக்ஸ்ல கிடக்குண்ணே."

"அதைக் கொண்டா முதல்ல."

எடுத்துக் கொடுத்தேன். வயரை மாட்டும் திருகுக் கம்பியில், அதாவது ஸ்டட்டில், ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது, இன்னொன்று பழுப்பு நிறத்தில் வெந்துபோய் இருந்தது. "இந்த நட்டைக் கழட்டும்போது ஸ்பேனர் போட்டியா, கையாலயே வந்துச்சா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஆமாம், கையாலேயே சுழன்று வந்தது. "அது விழுந்தப்ப நீ அதை மாத்தியிருக்கக் கூடாதுடா, எதுக்கு விழுதுன்னு பார்த்திருக்கணும்" என்றார். சரி, வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். படகுகளில் நாம் போடும் இந்த ரக பிரேக்கர்கள் பெரும்பாலும் வெப்பத்தால் வேலை செய்பவை. உள்ளே இரட்டை உலோகத் தகடு ஒன்று இருக்கும், மின்னோட்டம் அதிகமானால் சூடாகி வளைந்து தொடர்பை விடுவிக்கும். அந்தத் தகடுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. ஸ்டட்டில் நட் தளர்ந்து அங்கே சூடு உண்டானாலும் அது தகடுக்குப் போகும், மூடி போட்ட பெட்டிக்குள் வெயிலில் வெந்தாலும் போகும். எனக்கு மூன்றும் சேர்ந்திருந்தது: தளர்ந்த நட், வெயில், அதோடு முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும் மோட்டாருக்கு மிச்சமே இல்லாமல் 50 ஆம்பியர் பிரேக்கர். இந்த அளவு மோட்டாருக்கு மின்கோட்டா (Minn Kota) போன்ற மோட்டார் தயாரிப்பாளர்களின் அட்டவணையிலேயே 60 ஆம்பியர் என்றுதான் இருக்கிறது. இன்னொன்று கவனித்தேன், 24 வோல்ட் 80 பவுண்டு மோட்டார் 56 ஆம்பியர், 36 வோல்ட் 112 பவுண்டு 52 ஆம்பியர், எல்லாவற்றுக்கும் அதே 60 ஆம்பியர்தான். சக்தி கூடும்போது வோல்டேஜைக் கூட்டுகிறார்கள், மின்னோட்டம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது.

நான் 100 போட்டதும் என்ன ஆனது என்றால், அந்த 6 ஸ்கொயர் எம்எம் வயரைக் காப்பாற்ற யாருமே இல்லாமல் போனது. பிரேக்கரோ ஃப்யூஸோ மோட்டாருக்காகப் போடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது வயருக்காகப் போடுவது. புரொப்பல்லரில் பாசியோ நைலான் நூலோ சுற்றிக்கொண்டு மோட்டார் திணறினால் மின்னோட்டம் ஏறும், 80, 90 ஆம்பியர் போனால்கூட அந்த 100 பேசாமல் உட்கார்ந்திருக்கும், உள்ளே வயரின் பிளாஸ்டிக் வேகும். ஆகவே முதலில் வயரின் தடிமனை முடிவு செய்ய வேண்டும், பிரேக்கர் அந்த வயர் தாங்கும் அளவுக்கு மேலே போகக் கூடாது, மோட்டாரின் உச்ச இழுப்புக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எண் கிடைக்கவில்லை என்றால் வயர் மெலிசு என்று அர்த்தம்.

ஆனால் ப்ளக்? அதை 60 ஆம்பியர் பிரேக்கரும் காப்பாற்றியிருக்காது. இது எனக்குப் புரிய ரொம்ப நேரம் ஆனது. அன்று ஓடியது ஐம்பதுக்கும் குறைவு, நியாயமான மின்னோட்டம்தான். கெட்டது இணைப்பு. ஒரு இணைப்பில் 10 மில்லியோம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண மீட்டரில் அது பூஜ்யம் என்றுதான் காட்டும். 50 ஆம்பியர் அதன் வழியே போனால் அரை வோல்ட் அங்கேயே விழுகிறது, 25 வாட் சூடு அந்தச் சின்ன இடத்தில் உண்டாகிறது. 25 வாட் என்பது ஒரு சின்ன சால்டரிங் அயன். அதைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் நாற்பது நிமிடம் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. சூடானதும் ப்ளக்கின் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடிப்பு இளகும், பிடிப்பு இளகினால் தடை ஏறும், தடை ஏறினால் இன்னும் சூடு. பிரேக்கருக்கு இது எதுவுமே தெரியாது. உருகாமல் மிஞ்சிய பகுதியைத் துடைத்துப் பார்த்தேன், அடியில் பொடி எழுத்தில் 30 ஆம்பியர் என்று போட்டிருந்தது. வாங்கும்போது நான் அதைப் படிக்கவே இல்லை.

அடுத்து வயரை உருவினேன். இதைப் பார்த்தபோதுதான் உண்மையாகவே பயம் வந்தது. தளத்துக்கு அடியில் ஒரு அலுமினியச் சட்டத்தின் விளிம்பில் இரண்டு வயரும் சேர்ந்து போயிருக்கின்றன, குழாயும் இல்லை கிளிப்பும் இல்லை. அலையில் ஆடி ஆடி, பாசிட்டிவ் வயரில் ஒரு அரிசி நீளத்துக்குச் செம்பு தெரிகிறது. நெகட்டிவில் தோல் வெள்ளையாக உராய்ந்து மெலிந்திருக்கிறது, இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அதுவும் தெரிந்திருக்கும். இரண்டும் அந்தச் சட்டத்தைத் தொட்டால் நேரடி ஷார்ட். நல்ல 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஷார்ட்டில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும். அந்த இடத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் என்ன பாதுகாப்பு இருந்தது? ஒன்றும் இல்லை. பிரேக்கர் முன்முனையில், கைக்கு எட்டும்படி, அழகாக உட்கார்ந்திருந்தது.

பிரேக்கர் பேட்டரி பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் ஈ-11 தரவிதி பேட்டரி முனையிலிருந்து வயர் வழியாக அளந்து 7 அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 18 சென்டிமீட்டருக்குள் என்று சொல்கிறது. நேரே பேட்டரி முனையிலிருந்து வரும் வயர் முழு நீளமும் உறைக்குள்ளோ குழாய்க்குள்ளோ இருந்தால் 72 அங்குலம் வரை விடுகிறார்கள். பாசிட்டிவில் மட்டும் போட்டால் போதும். அவசரத்தில் கைக்கு எட்ட வேண்டுமே என்ற என் பழைய கவலைக்கு முன்முனையில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளலாம், மின்னோட்டத்துக்கு ஏற்றதாக. இரண்டு வேலையையும் ஒரே பொருளில் முடிக்கப் பார்த்ததுதான் என் கஞ்சத்தனம்.

வயரைக் கழட்டும் முன்னால், அண்ணன் சொன்னபடி ஒன்று செய்தேன். இதை யாரும் செய்து பார்க்கலாம், ஒரு மல்டிமீட்டர் போதும். படகைக் கரையில் இறுக்கிக் கட்டி, புரொப்பல்லர் தண்ணீருக்குள் இருக்க, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, மோட்டாரை முழு வேகத்தில் ஓட விடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் குறைந்த எல்லையில் வையுங்கள். ஐந்து மீட்டர் மெல்லிய வயரின் இரண்டு முனையிலும் கிளிப் போட்டு வைத்துக்கொண்டால் மீட்டரின் ஒரு முள்ளை நீட்டிக்கொள்ளலாம். ஒன்றை பேட்டரி முனையில், லக் (வயர் நுனியில் அழுத்திப் போடும் உலோக வளையம்) மேல் இல்லை, முனையின் ஈயத்தின் மேலேயே, மற்றதை மோட்டார் பக்கம் அந்த வயர் முடியும் இடத்தில் வையுங்கள். காட்டுவதுதான் அந்த வயர் தின்னும் வோல்டேஜ். எனக்கு, ப்ளக்கை வெட்டி எறிந்துவிட்டு முனைகளை போல்ட் போட்டு இணைத்த நிலையில், பாசிட்டிவ் வயர் 0.7 வோல்ட், நெகட்டிவ் 0.7 வோல்ட், பிரேக்கரும் அதன் இணைப்புகளும் 0.2. பேட்டரியில் 12.1 இருக்கும்போது மோட்டாருக்கு 10.5 போகிறது. கிளாம்ப் மீட்டரில் 48 ஆம்பியர். கணக்குப் போட்டால் வயரில் மட்டும் அறுபத்தைந்து வாட்டுக்கு மேல் சூடாகப் போகிறது. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டராகப் பார்த்து வாங்க வேண்டும், மலிவானவை பல ஏசி மட்டும்தான் அளக்கும், நான் முதலில் வாங்கியது அப்படித்தான், 50 ஆம்பியர் ஓடும்போது பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நெகிழ்வான செம்பு வயர் மீட்டருக்கு 6 ஸ்கொயர் எம்எம்மில் 3.3 மில்லியோம் வரை, 16-இல் 1.2, 25-இல் 0.78. தூரத்தை இரண்டால் பெருக்க வேண்டும், போகவும் வரவும். இதை மறந்துவிட்டு வயர் வாங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன். என் 9 மீட்டருக்கு 16 போட்டால் 50 ஆம்பியரில் 0.54 வோல்ட், 25 போட்டால் 0.35. முக்கியமான சுற்றுகளுக்கு 3 சதவீதம் என்ற வழக்கமான அளவை வைத்தால் 12 வோல்ட்டுக்கு 0.36. ஆக 25. தடிமனான வயரை வளைப்பதும் லக் போடுவதும் இம்சைதான், 16 போட்டிருந்தாலும் குடி முழுகாது. ஆனால் ஏற்கனவே ஒருமுறை கையில் இருந்ததைப் போட்டு வாங்கிய அடி போதும் என்று தோன்றியது. பேட்டரியையே முன்பக்கம் நகர்த்தினால் வயர் பாதியாகும், அது இன்னும் நல்லது, ஆனால் என் படகில் மூக்கு தாழ்ந்துவிடுகிறது.

வயர் வாங்கும்போது இரண்டு விஷயம். வெள்ளீயம் பூசிய செம்பு இழையாக இருந்தால் தண்ணீர்ப் புழக்கத்தில் பச்சை பிடிக்காமல் நிற்கும். இன்னொன்று, செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் தடிமனாக, மலிவாக, சிவப்பு கறுப்பில் பளபளப்பாகக் கிடைக்கும், கார் ஆம்ப்ளிஃபயருக்கு என்று விற்பார்கள். அதே தடிமனில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை, ஈரம் பட்டால் உள்ளே பொடியாகும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். தூக்கிப் பார்த்தாலே லேசாக இருக்கும்.

லக் விஷயத்தில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது, சுத்தியலால் நசுக்கி, மேலே ஈயத்தை உருக்கி ஊற்றிவிடுவேன். கெட்டியாகத் தெரியும். ஆனால் ஈயம் வயருக்குள் ஊறி அந்த இடம் குச்சி மாதிரி விறைத்துவிடும், அதிர்வில் சரியாக அந்த விளிம்பில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். இணைப்பு ரொம்பச் சூடானால் ஈயமே இளகிவிடும். இப்போது அறுகோணமாக அழுத்தும் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூட்டில் சுருங்கி இறுகும் குழாய், போடுகிறேன். கருவி இல்லை என்றால் இருப்பவரிடம் கொண்டுபோய் நான்கு லக் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போல்ட்டில் அடுக்கும் வரிசையும் முக்கியம். லக் நேரடியாக முனையின் மேல் உட்கார வேண்டும், அதற்கு மேல் வாஷர், அதற்கு மேல் நட். நான் லக்குக்கு அடியில் ஒரு ஸ்டெயின்லெஸ் வாஷரைப் போட்டிருந்தேன், சமமாக உட்காரட்டும் என்று. ஸ்டெயின்லெஸ் செம்பை விட நாற்பது மடங்குக்கும் மேல் மோசமான கடத்தி, மின்னோட்டம் முழுக்க அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சின்னச் சின்ன வயர்கள் இருந்தால், மோட்டார் லக் அடியில், சோனார் (மீன் காட்டும் கருவி) லக் மேலே. பட்டாம்பூச்சி நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நைலான் வளையம் உள்ள நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள். இறுக்கும்போது மோதிரம், கடிகாரம் கையில் இருக்கக் கூடாது. கழட்டும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். லெட் ஆசிட் என்றால் சார்ஜ் போட்ட உடனே மூடிய பெட்டிக்குள் எதையும் மாட்டாதீர்கள், ஹைட்ரஜன் தேங்கியிருக்கும், ஒரு பொறி போதும்.

பிரேக்கர் வாங்கும்போது தானாக மறுபடி இணையும் ரகம் வேண்டாம். நூல் சுற்றிய புரொப்பல்லரை நீங்கள் கையால் பிரித்துக்கொண்டிருக்கும்போது அது ஆறி, தானாகவே மின்சாரம் கொடுக்கும். கையால் அழுத்தினால்தான் பிடிக்கிற ரகம் வேண்டும். வீட்டு எம்சிபியைப் போடலாமா என்று என்னிடம் ஒரு நண்பன் கேட்டான். ஏசி மின்னோட்டம் ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது, தொடர்பு விலகும்போது வரும் தீப்பொறி அங்கே அணைந்துவிடும். டிசியில் அப்படி ஒரு இடைவெளி கிடையாது, பொறி இழுத்துக்கொண்டே நிற்கும். 12 வோல்ட்டில் தப்பித்துவிடலாம், 36, 48 வோல்ட்டுக்குப் போனால் விளையாட்டு இல்லை. டிசி இத்தனை வோல்ட் என்று மேலே எழுதியிருந்தால் போடு, இல்லையென்றால் வேண்டாம் என்றேன்.

லித்தியம் பேட்டரிக்கு மாறுபவர்கள் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும், ஷார்ட் ஆகும்போது எத்தனை ஆம்பியரை அறுத்து நிறுத்த முடியும் என்பது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் உள்தடை மிகக் குறைவு, ஷார்ட்டில் பல ஆயிரம் ஆம்பியர் கொட்டக்கூடியது, உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று அறுக்கும்தான், அதை மட்டும் நம்பி எப்படி உட்காருவது. கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் 20,000 ஆம்பியர் வரை அறுக்கும், பேட்டரி முனையிலேயே மாட்டும் எம்ஆர்பிஎஃப் ஃப்யூஸ் 14 வோல்ட்டில் 10,000. பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ், அதற்கு அப்புறம் பிரேக்கர் என்று இரண்டும் வைப்பவர்கள் உண்டு, நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

எல்லாம் மாற்றி ஓட்டிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை. மோட்டாருக்கு 11.6 வோல்ட் போனது, இழுப்பு நன்றாகவே கூடியது, ஆனால் முழு வேகத்தில் மின்னோட்டமும் 48-லிருந்து 50-க்கு ஏறியது. வோல்டேஜ் ஏறினால் புரொப்பல்லர் வேகமாகச் சுற்றும், அதிகமாக இழுக்கும், அவ்வளவுதான். பேட்டரி நீடிப்பது முழு வேகத்தில் தெரியாது, பழைய வேகத்தையே ஒரு படி குறைத்து வைத்து எட்டும்போதுதான் தெரிகிறது. சோனாரில் கோடு கோடாக வந்துகொண்டிருந்த இரைச்சலும் குறைந்தது, மோட்டார் வயரை விட்டுத் தள்ளி அதன் வயரை எதிர்ப்பக்கமாகக் கொண்டு போனதால்.

இப்போது மாதம் ஒரு முறை மீட்டரை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டும் பார்க்கிறேன், விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அது கெட்ட இணைப்பு. புது ப்ளக்கின் குறுக்கே மாட்டியபோது 0.04 வோல்ட் இருந்தது. போன மாதம் 0.11. பிரேக்கர் விழவில்லை, நாற்றம் இல்லை, மோட்டார் நன்றாகவே ஓடியது. கழட்டிப் பார்த்தால் நெகட்டிவ் முள்ளின் அடியில் லேசாகப் பச்சை. தேய்த்துத் துடைத்து, மின்கிரீஸ் தடவி, மறுபடி செருகி அளந்தேன், 0.04.